பத்தில் ஒரு போல்ட்

என் அண்ணன் மேல் கார் விழுந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அண்ணி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் வாசல் குழாயில் குடம் பிடித்துக்கொண்டிருந்தேன். சத்தம் பெரிதாக இல்லை. ஜாக்கி சரிந்த ஒரு 'டொக்', பிறகு இரும்பு எதன் மேலோ உட்கார்ந்து நெரிக்கிற மாதிரி ஒரு சத்தம். ஷெட்டுக்குள் ஓடினேன். காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டியிருந்தன, அசையாமல்.

அவனைக் காப்பாற்றியது அவன் புத்தி இல்லை. ஸ்டெப்னி டயர் வழியில் கிடக்கிறதே என்று அண்ணி அதைக் காலால் உருட்டிக் காருக்கு அடியில் தள்ளியிருந்தாள். கார் அதன் மேல் விழுந்து நின்றது. பக்கத்து வீட்டுக்காரர்கள் நான்கு பேர் வந்து தூக்கிப் பிடிக்க, நான் அவனைக் காலைப் பிடித்து வெளியே இழுத்தேன். முகம் சாம்பலாகப் போயிருந்தது. கண்ணைத் திறந்து அவன் சொன்ன முதல் வார்த்தை, "சைலன்சர் வளைஞ்சிச்சா பாரு."

அன்றைக்கு ஆரம்பித்த கோபம்.

ஆஸ்பத்திரியில் காறை எலும்பு முறிவு என்றார்கள். எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டார். "பாத்ரூம்ல வழுக்கிட்டேன் சார்," என்றான் அண்ணன், சட்டையெல்லாம் கிரீஸோடு. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். வெளியே வந்து கேட்டதற்கு, "மெக்கானிக்கே வண்டிக்கு அடியில மாட்டிகினான்னு தெரிஞ்சா எவன் நம்மகிட்ட வண்டி வுடுவான்?" என்றான்.

நாங்கள் நந்திதுர்க் தங்கச் சுரங்கத்துக்குப் பக்கத்தில், அப்பா அம்மா இருந்த அதே தொழிலாளர் லைன் வீட்டில்தான் இருக்கிறோம். முன்பக்கம் அண்ணனும் அண்ணியும், பின்னறை எனக்கு. அண்ணன் பல வருஷம் பெங்களூர் ஏர்போர்ட்டுக்கு டாக்சி ஓட்டினான். முதுகு போனதும் அதை விட்டுவிட்டு, வீட்டை ஒட்டிய தகர ஷெட்டில் கார் ரிப்பேர் பார்க்க ஆரம்பித்தான். நான் இங்கே கனரக வண்டிகள் செய்கிற ஃபேக்டரியில் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். ஆண்கள் வைத்த வெல்டிங்கைப் பார்த்து, திரும்ப வையுங்கள் என்று சொல்வது என் வேலை. இருபது வருஷமாகச் சொல்லி வருகிறேன். யாரும் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டது கிடையாது.

லிஃப்ட் வைப்பது என்று முடிவெடுத்தது நான்தான். கையைத் தூளியில் கட்டிக்கொண்டு அண்ணன் மறுத்தான்.

"லிஃப்ட்டெல்லாம் பெரிய சர்வீஸ் சென்டர்காரன் வெச்சிப்பான். நம்ம ஷெட்டுக்கு இன்னாத்துக்கு?"

"அவன் மேல விழுந்தாலும் அதே கார்தான், உன் மேல விழுந்தாலும் அதே கார்தான்."

"ஒரு தடவ சரிஞ்சிச்சி. அதுக்காக?"

"ரெண்டாவது தடவ எப்போன்னு சொல்லு, லீவு போட்டு வெக்கிறேன்."

அண்ணி சிரித்துவிட்டாள். அவன் சாப்பிடாமல் எழுந்து போனான்.

கையோடு ஒரு வாரம் லிஃப்ட்டைப் பற்றிப் படித்தேன். கத்தரி மாதிரி விரிந்து எழும்புகிற குட்டை லிஃப்ட் ஒன்று இருக்கிறது. தரையைத் தோண்ட வேண்டாம், கூரையைத் தொட வேண்டாம். எனக்கு அது போதும் என்று பட்டது. அண்ணன் படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "நடுவுல இது குந்திகினு இருந்தா கியர் பாக்ஸ எப்டி எறக்கறது?" அவன் சொன்னது சரிதான். அவன் சரியாகச் சொல்லும்போது எனக்கு இன்னும் கோபம் வரும். ஆகவே இரண்டு தூண் லிஃப்ட். இரண்டு பக்கமும் தூண், அதிலிருந்து நீளும் கைகள் காரைத் தூக்கும், நடு இடம் காலி. அதற்குக் கூரை பன்னிரண்டு அடியாவது வேண்டும். எங்கள் ஷெட் ஒன்பதரை.

இரண்டு பேரும் காலை ரயிலில் பெங்களூர் போனோம். விற்பனைக்காரன் இளவட்டம், இஸ்திரி கலையாத சட்டை. நான் கேட்ட கேள்விக்கெல்லாம் அண்ணனைப் பார்த்தே பதில் சொன்னான். தூணின் அடித்தகடு எத்தனை கனம் என்று கேட்டேன். "நல்ல ஹெவி சார்," என்றான் அண்ணனிடம். தூக்கிய கார் சரியாமல் பிடித்துக்கொள்கிற லாக் ஒரு பக்கம் விழாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். "அதெல்லாம் கம்பெனி பார்த்துக்கும் சார்." தரை காங்கிரீட் எத்தனை இன்ச் வேண்டும் என்று கேட்டேன். "நாலு இருந்தா தாராளம் சார்." மேசை மேல் அவனுடைய புத்தகமே கிடந்தது. எடுத்துப் புரட்டினேன். ஆறு என்று போட்டிருந்தது. பக்கத்தைத் திருப்பி அவன் முன்னால் வைத்தேன். "மேடம் ரொம்பப் படிச்சிருக்காங்க சார்," என்று சிரித்தான். அண்ணனும் கூடச் சிரித்தான். அந்தச் சிரிப்பை ரயிலில் மாலூர் வரைக்கும் பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை. பெட்டியில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

தரையை உடைத்தபோதுதான் தெரிந்தது. மேலே இரண்டு இன்ச் சிமெண்ட், கீழே முழுக்கச் சயனைட் குன்றிலிருந்து, தங்கம் பிரித்த பிறகு கொட்டிய கழிவிலிருந்து, அள்ளி வந்த சாம்பல் மணல். அந்தக் காலத்தில் இந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் தரை நிரப்பினார்கள். அதன் மேல்தான் அண்ணன் இத்தனை நாள் ஜாக்கி வைத்திருக்கிறான். பங்காருபேட்டையிலிருந்து வந்த மேஸ்திரி மணலை விரலில் எடுத்துத் தேய்த்து, "இது மேல நின்னுச்சே, அதுவே பெருசு," என்றார். செம்மண் தட்டுகிற வரைக்கும் தோண்டி, கல் போட்டு, கம்பி கட்டி, எட்டு இன்ச் காங்கிரீட் போட்டோம். அப்பா மாட்டியிருந்த புத்தர் படத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கூரையை உயர்த்தினோம். போகிறவர் வருகிறவர் எல்லாம், "இன்னா, கேஜ் எறக்கப் போறீங்களா?" என்று கேட்டார்கள். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்குகிற கூண்டு அது. சொல்லி வைத்த மாதிரி எல்லோருக்கும் அதே வேடிக்கை.

காங்கிரீட் இறுக இருபத்தெட்டு நாள். சாக்கு போட்டு, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். அதற்கு முன்னால் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். அண்ணன் தலையாட்டினான்.

மூன்று வாரம் ஆகியிருக்கும். காலை ஷிஃப்ட் முடிந்து, மூன்று மணி வெயிலில் ஸ்கூட்டரில் தெருவுக்குள் திரும்புகிறேன். வாசலில் யாருடையதோ வெள்ளைக் கார். முன்சக்கரத்துக்கு ஒரு கருங்கல் அண்டக் கொடுத்திருக்கிறது. அதே ஜாக்கி. காருக்கு அடியில் இரண்டு கால்கள்.

எனக்குக் கத்த வரவில்லை. கத்தினால் அவன் திடுக்கிட்டு அசைவான். ஸ்கூட்டரைத் தூரத்திலேயே நிறுத்தி, நடந்து வந்து, படியில் உட்கார்ந்தேன். உள்ளே அவன் ஸ்பேனரைத் தட்டுகிற சத்தம். ஏதோ பாட்டை முனகுகிற சத்தம். கால் மணி நேரம் இருக்கும். கடைசியில் புழு மாதிரி நெளிந்து வெளியே வந்து, என்னைப் பார்த்து, "எப்ப வந்தே?" என்றான்.

அதற்குப் பிறகு நான் பேசியதெல்லாம் இங்கே எழுத முடியாது. தெரு முழுக்க வெளியே வந்துவிட்டது. எலும்பு இன்னும் கூடவில்லை, அறிவு எப்போது கூடும் என்றேன். அண்ணியிடம் தாலியைக் கழற்றித் தரச் சொல்லட்டுமா என்றேன். அது சொல்லியிருக்கக் கூடாது.

அவனும் பொறுத்துப் பார்த்தான். பிறகு சொன்னான்: "அன்னிக்கு யாரு வண்டிக்கு அடியில படுத்தேன்? உன் வண்டிக்குத்தானே? சைலன்சர் சத்தம் போடுது, மத்தியானத்துக்குள்ள வேணும், வேலூர் போவணும்னு யாரு குதிச்சது?"

நான்தான். என் கார்தான். ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. ஜாக்கியோடு சேர்த்துக் காரைத் தாங்குகிற ஸ்டாண்டைத் தேடி எடுத்து வைக்கப் போனவனை, "எவ்ளோ நேரம்பா" என்று அவசரப்படுத்தியதும் நான்தான். இத்தனை நாளும் அவன் அதைச் சொல்லவில்லை. தெருவே கேட்க இப்போது சொல்லிவிட்டான்.

ஜாக்கியை எடுத்துக்கொண்டு போய் என் பீரோவில் புடவைகளுக்குக் கீழே வைத்துப் பூட்டினேன். நல்ல பட்டுப் புடவை ஒன்று கிரீஸ் பட்டுப் போனது. பத்து நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அண்ணி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சோறு போட்டாள்.

லிஃப்ட் பொருத்த மூன்று பேர் வந்தார்கள். காலையில் வருவதாகச் சொல்லி, வேன் வந்தபோது மணி இரண்டு. அதில் தலைவன் வண்டியிலிருந்து இறங்கும்போதே போனில் யாரிடமோ கன்னடத்தில், ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். தூண் ஒன்றுக்கு ஐந்து போல்ட், இரண்டு தூணுக்குப் பத்து. காங்கிரீட்டில் துளை போட்டு, போல்ட்டை அடித்து இறக்கி, நட்டை முறுக்கினால் உள்ளே அது விரிந்து பிடித்துக்கொள்ளும். துளையில் தூசி இருந்தால் பிடிக்காது. புத்தகத்தில் தடித்த எழுத்தில் இருக்கிறது. அவர்கள் வாயால் ஒரு ஊது ஊதி, சுத்தியலால் அடித்து, மெஷினால் 'டர்ர்' என்று முறுக்கி, அடுத்ததற்குப் போனார்கள்.

"தூசிய எடுத்துட்டு அடிங்க," என்றேன்.

"இருநூறு லிஃப்ட் போட்டுருக்கேன் மேடம்," என்றான் தலைவன்.

உள்ளே போய் என் டார்க் ரெஞ்சை எடுத்து வந்தேன். சொன்ன அளவுக்கு முறுக்கினால் 'க்ளிக்' என்று சொல்லும். ஒன்பது போல்ட் க்ளிக் என்றது. இடது தூணின் பின் மூலையில் இருந்த பத்தாவது சொல்லவில்லை. நட்டோடு சேர்ந்து போல்ட்டும் சுற்றியது. எத்தனை தடவை முறுக்கினாலும் சுற்றிக்கொண்டே இருந்தது.

தலைவன் அண்ணனிடம் போனான். "சார், மேடத்த கொஞ்சம் உள்ள அனுப்புங்க. பத்துல ஒண்ணு. ஒண்ணும் ஆவாது."

அண்ணன் என்னைப் பார்த்தான். பத்து நாளுக்குப் பிறகு என்னோடு பேசினான். "வுடும்மா. ஒம்போது புடிச்சிருக்குதே."

வேலை முடிந்ததாக ஒரு தாள். அதில் கையெழுத்துப் போட்டான். என் கண் முன்னால், பேனாவை உதறி எழுத வைத்துப் போட்டான்.

எனக்கு அன்றைக்கு வந்த மாதிரிக் கோபம் அதற்கு முன் வந்ததில்லை. தலைவன் மேல் இல்லை. அவன் ஊரான், ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டியவன். அந்தத் தூணுக்கு அடியில் தினமும் நிற்கப் போகிறவன் கையெழுத்துப் போடுகிறான். அழுகை வந்தது, கோபத்தில்தான். போய் என் ஸ்கூட்டரைக் கொண்டுவந்து அவர்கள் வேனுக்குப் பின்னால் குறுக்கே நிறுத்தி, சாவியை ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டேன்.

"ஏத்திக் காட்டு," என்றேன். "என் காரையே ஏத்து."

ஏற்றினார்கள். இடுப்பு உயரம், மார்பு உயரம். நான் குனிந்து, பத்தாவது போல்ட்டுக்குப் பக்கத்தில் தகட்டுக்கும் தரைக்கும் நடுவில் என் ஃபேக்டரி பஸ் பாஸை நுழைத்தேன். அட்டை முழுசாக உள்ளே போனது. லிஃப்ட் காலியாக இருந்தபோது ஒரு நூல்கூட நுழையாத இடம்.

அண்ணன் பக்கத்தில் வந்து குந்தினான். அட்டையை அவனே இழுத்துப் பார்த்தான். திரும்ப நுழைத்துப் பார்த்தான். "எறக்குப்பா," என்றான் தலைவனிடம். கார் இறங்கியதும் எழுந்து, யாரையும் பார்க்காமல், வீட்டுக்குள் போய்விட்டான்.

அதையும் நான் மன்னிக்கவில்லை. சண்டையை என் தலையில் போட்டுவிட்டுப் போனான். ஏழு மணி வரைக்கும் நானே பேசினேன். தலைவன் மாற்றி மாற்றிக் கெஞ்சினான், மிரட்டினான், முதலாளியைப் போனில் பிடித்துக் கொடுத்தான். அண்ணன் போட்ட கையெழுத்தை அடித்து, அந்த போல்ட் பிடிக்கவில்லை என்று தலைவன் கையாலேயே தாளில் எழுதி வாங்கிய பிறகுதான் ஸ்கூட்டரை நகர்த்தினேன். அண்ணி அந்த மூன்று பேருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். அதற்கும் கோபம் வந்தது.

நான்கு நாள் கழித்து வேறொரு ஆள் வந்தார். அதிகம் பேசாத மனுஷர். தூணைக் கழற்றி, கொஞ்சம் தள்ளி வைத்து, புதுத் துளைகள் போட்டார். ஒவ்வொரு துளையிலும் பிரஷ் விட்டுத் தேய்த்து, காற்றடித்து, திரும்பத் தேய்த்தார். பிறகு பசை மாதிரி ஒரு கெமிக்கலை ஊற்றி போல்ட்டை இறக்கினார். மறுநாள் வரைக்கும் தொடக் கூடாது என்றார். நான் எதுவும் சொல்வதற்கு அவர் இடமே தரவில்லை. மறுநாள் ரெஞ்சை என்னிடமே நீட்டி, "நீங்க பாருங்க மேடம்," என்றார். பத்தும் க்ளிக் என்றது. மூன்று மாதமாகச் சேர்த்து வைத்த கோபத்தை எங்கே இறக்குவது என்று தெரியாமல் நின்றேன்.

இப்போது அண்ணன் அதன் கீழே நிமிர்ந்து நின்று வேலை செய்கிறான். முதுகு வலி குறைந்திருக்கிறது என்று அண்ணி சொல்கிறாள். அவன் என்னிடம் சொன்னதில்லை. ஊர்க் கோடியில் இருக்கும் பாலகாட்டிலிருந்தெல்லாம் வண்டி வருகிறது. வருகிறவர்கள் லிஃப்ட்டைச் சுற்றிப் பார்க்கிறார்கள். போன வாரம் ஒருவர் கேட்டதற்கு அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தான்: "நாலு இன்ச் போதும்னானுங்க சார். நான் வுடல. எட்டு இன்ச் காங்கிரீட். போல்ட் கூட ஒண்ணு சரியில்ல, கழட்டி மறுபடி போடுன்னுட்டேன். இதுல நம்ம உசுரு இருக்குதே, வுட முடியுமா?"

பின்னறையில் நான் யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். வாசலுக்கு வந்துவிட்டேன், கையில் இஸ்திரிப் பெட்டியோடு. அண்ணி என் கையைப் பிடித்து, "வுடு, வுடு, போ" என்று சிரித்துக்கொண்டே உள்ளே தள்ளினாள். அவள் சிரிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அவளை விலக்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போய், வந்தவர் எதிரிலேயே அண்ணனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

"லாக் ரெண்டு பக்கமும் வுழுந்துச்சா?"

"வுழுந்துச்சி, போம்மா," என்றான், திரும்பாமலே.

நான் போய் இரண்டு தூணையும் பார்த்தேன். விழுந்துதான் இருந்தது.