கார் கை நனைக்கலாமா?

போன ஞாயிற்றுக்கிழமை ஓர் எலெக்ட்ரிக் காரில் பெண் பார்க்கப் போய்வந்தேன். பெண் எனக்கல்ல! வண்ணார்பேட்டையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் நண்பர் சங்கரலிங்கத்தின் மகன் கதிருக்கு.

கார் புதுசு. "பூமிக்குள்ள இருக்க எண்ணெய் இன்னும் எத்தன காலத்துக்கு வரும் வே? இனி எல்லாம் கரன்ட்டுதான்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர், கடைசியில் தானே ஒன்று வாங்கிவிட்டார். அன்றிலிருந்து பெட்ரோல் பங்க்கைத் தாண்டும்போதெல்லாம் அவருக்கு ஒரு சிரிப்பு வேறு.

பெண் வீடு கல்லிடைக்குறிச்சியில். பாதி வழியில் கதிர், "அப்பா, நேத்து சார்ஜ் ஏறவே இல்லையே..." என்றான். பின் சீட்டில் இருந்த அவன் அம்மா கோமதி அக்கா மெல்ல வாயைத் திறந்தார்.

"ராகு காலத்துல மாட்டியிருந்தீங்க. நல்ல காரியத்துக்குப் போற வண்டி... அப்படி ஏத்தலாமா? அதான் பிளக்கப் புடுங்கிட்டேன். பெறவு மாட்டணும்னு நெனச்சேன், மறந்துட்டு."

பெட்ரோல் போட யாராவது ராகு காலம் பார்த்திருக்கிறோமா? கரன்ட் வீட்டுக்குள்ளிருந்து வருகிறது பாருங்கள்... அதனால் வீட்டுச் சட்டமெல்லாம் அதற்கும் உண்டு.

வழியில் இருந்த சார்ஜிங் பாயின்ட் வேலை செய்யவில்லை. ஏ.சி.யை அணைத்து, வேர்த்து விறுவிறுத்து ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தோம்.

பெண் மீனா, கங்கைகொண்டானில் சோலார் பேனல் செய்யும் கம்பெனி ஒன்றில் இன்ஜினீயர். எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. ஆனால் என்னை யார் கேட்டார்கள்? கோமதி அக்கா மனசில் இன்னொரு ஜாதகம் இருந்தது. 'போயிட்டு போன் பண்ணுதோம்' என்று சொல்லிவிட்டுக் கிளம்புவதாகக் காரிலேயே பேசி முடித்திருந்தார்கள்.

மீனாவின் அப்பா ஸ்கூல் வாத்தியார். போன் பண்ணுவதாகச் சொல்லிவிட்டுப் போனவர்கள் சிலரை ஏற்கெனவே பார்த்தவர் என்பது முகத்திலேயே தெரிந்தது. எனக்குப் பாவமாக இருந்தது.

சாப்பிடக் கூப்பிட்டார். சங்கரலிங்கம் கும்பிடு போட்டு மறுத்துவிட்டார். சம்மதம் சொல்லும்வரை பெண் வீட்டில் கை நனைப்பதில்லை - காப்பி குடிக்கலாம், சாப்பாடு கூடாது - அதுதான் அவர்கள் வழக்கம். சாப்பிட்டால் சரி என்று சொன்ன மாதிரி.

காருக்குச் சார்ஜ் இல்லை என்பதைக் கதிர்தான் போட்டு உடைத்தான்.

"அதுக்கென்ன அண்ணாச்சி, நம்ம வீட்டுலயே ஏத்திக்கிடுங்க" என்றார் வாத்தியார்.

சங்கரலிங்கம் என் காதில் குனிந்தார். "ஏன் வே... கார் கை நனைக்கலாமா?"

"நனைக்காட்டி ஊர் வரைக்கும் தள்ளிக்கிட்டுதான் போணும் வே."

மீனாவே ஏ.சி. பிளக்கைக் காட்டிக் கொடுத்தாள். கதிர் வயரை ஜன்னல் வழியாக இழுத்து மாட்டினான். மூணு மணி நேரமாவது ஆகும் என்றார்கள். அடுப்படியிலிருந்து முருங்கைக்காய்ச் சாம்பார் வாசனை. வாசலில் கார் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. உள்ளே நாங்கள் மூவரும் பட்டினி!

வழக்கமாகப் பையனும் பெண்ணும் தனியாகப் பேச அஞ்சு நிமிஷம் கொடுப்பார்கள். இவர்களோ காருக்குப் பக்கத்தில் நின்று பேசினார்கள், பேசினார்கள்... அப்படிப் பேசினார்கள். இடையிடையே சிரிப்புச் சத்தம். கொஞ்ச நேரத்தில் இருவரையும் வாசலில் காணோம்.

எண்ணெய் தீர்ந்தால் கார் எதில் ஓடும் என்று உலகமே மண்டையை உடைத்துக்கொள்கிறது. கரன்ட்டா, கரும்பிலிருந்து வரும் எத்தனாலா? எதுவாக இருந்தாலும் எனக்குச் சரி. ஆனால் ஒன்று. பெட்ரோலை யாரென்றே தெரியாதவரிடம் நிரப்பிக்கொண்டு, முகம்கூடப் பார்க்காமல் போய்விடலாம். கரன்ட்டுக்கு ஒரு வீட்டில் உட்கார வேண்டியிருக்கிறது. உட்கார்ந்தால் பேச வேண்டியிருக்கிறது. இதை எந்தக் கார் விளம்பரத்திலும் சொல்வதில்லை.

நேரம் ஆனது. சங்கரலிங்கம் எழுந்து தொண்டையைச் செருமினார். வாத்தியாரும் எழுந்தார். என்ன வரப்போகிறது என்று அவருக்குத் தெரியும்.

"அப்ப... நாங்க போயிட்டு போன்..."

கதிர் உள்ளேயிருந்து வந்தான். வலது கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே, "சார்ஜ் ஏறிட்டுப்பா. நானும் சாப்ட்டாச்சு" என்றான்.

"எங்கன வச்சுலே?"

"அடுப்படில. மீனாதான் போட்டா."

வாத்தியார் மகளைப் பார்த்தார். மீனா தலையைக் குனியவில்லை. கோமதி அக்கா மகனின் ஈரக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரு பெருமூச்சு. மீனாவின் அம்மா பக்கம் திரும்பினார்.

"இனி நாங்க மட்டும் பட்டினி கெடந்து என்னத்துக்கு? எங்களுக்கும் இலையப் போடுங்க மதினி. பசி கண்ண இருட்டுது."

வாத்தியார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

சாம்பார் ஊற்றிக்கொண்டே மீனா சங்கரலிங்கத்திடம் சொன்னாள்: "ஹைட்ரஜன் கார் வந்துட்டா இவ்வளவு நேரம் காத்துக் கெடக்க வேண்டாம் மாமா. அஞ்சே நிமிஷத்துல நிரப்பிட்டுப் போயிரலாம்."

வரட்டும்... பைய வரட்டும்!