திறக்கப்படவில்லை

இலத்தூர் முத்துச்செல்வியும் அவள் அண்ணன் இசக்கிராஜாவும் இன்ஸ்பெக்டர்கள். அண்ணனுக்குத் தென்காசியில் போலீஸ் வேலை. தங்கைக்கு வியன்னாவில், சர்வதேச அணுசக்தி முகமையில் வேலை. மின்சாரத்துக்கென்று அணு உலை நடத்தும் நாடுகள் எரிபொருளை ஆயுதத்துக்குத் திருப்பிவிடவில்லை என்பதை நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும். "நான் திருடனைப் பிடிக்கேன், நீ தேசத்தையே பிடிக்கே" என்று அண்ணன் கேலி செய்வான்.

போன சித்திரையில் அவள் ஒரு நாட்டுக்குப் போனாள். எந்த நாடு என்று வீட்டில்கூடச் சொல்லக் கூடாது. அங்கே, ஒப்பந்தப்படி அவள் பார்த்தாக வேண்டிய கிடங்கு பூட்டிக் கிடந்தது. உள்ளே மராமத்து நடக்கிறது, அடுத்த முறை பாருங்கள் என்றார்கள். காத்திருக்கிறேன் என்று கதவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். மத்தியானம் ஒருவன் வந்து நாற்காலியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். தரையில் உட்கார்ந்தாள். கூட வந்த ஆய்வாளரே, போதும் எழுந்துவா என்று கண்ணைக் காட்டினார். பயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஆத்திரம் அதைவிடப் பெரிதாக இருந்தது. பொழுது சாயும்வரை யாரும் சாவியோடு வரவில்லை. அறிக்கையில் எழுதினாள்: 'கேட்டும் கதவு திறக்கப்படவில்லை.'

ஆடியில் விடுப்பெடுத்து ஊருக்கு வந்தாள். குற்றாலத்தில் சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. ஒரு நாள் இசக்கிராஜா தயங்கியபடி வந்து நின்றான்.

"ஏட்டி செல்வி, மேல இருந்து ஒரு போன். டெல்லியில ஏதோ ஒரு தூதரகத்துக்காரராம், எந்த நாடுன்னு சொல்லல, குத்தாலத்துல தங்கியிருக்காராம். உன்னை டீ குடிக்கக் கூப்பிடுதாரு."

கிடங்கைத் திறக்காத நாட்டின் ஆள்தான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. "வாரேன்ணே. ஆனா வியன்னாவுக்குச் சொல்லிட்டுத்தான் வருவேன்."

அண்ணனைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டுத் தனியாக உள்ளே போனாள். தூதரக அதிகாரி மரியாதையான மனிதர். அருவியைப் புகழ்ந்தார். பிறகு ஆங்கிலத்தில் மெல்ல ஆரம்பித்தார்.

"ஒரு சின்னத் திருத்தம்தான். 'நேரமின்மையால் பார்க்க இயலவில்லை' என்று எழுதினால் யாருக்கும் சங்கடமில்லை. எங்களுக்குப் பெரிய எரிபொருள் ஒப்பந்தம் ஒன்று வருகிறது."

"எனக்கு நேரம் இருந்தது. தரையில் உட்காரும் அளவுக்கு இருந்தது."

"இனி உங்களை ஆய்வாளராக எங்கள் நாடு ஏற்காது. மறுக்க எங்களுக்கு உரிமை உண்டு, தெரியுமல்லவா?"

"தெரியும். தாராளமாக மறுங்கள். நடந்ததை மாற்றி எழுத எனக்கு உரிமை இல்லை."

டீயைத் தொடாமல் எழுந்து வந்தாள். காரில் ஏறி, அறிக்கையில் ஒரு வரியை மாற்றச் சொன்னார்கள் என்று மட்டும் சொன்னாள். அண்ணன் பொரிந்தான்.

"ஒரு வரிதானட்டி! மாத்திக் குடுத்தா குறைஞ்சா போயிருவே?"

"உன் ஸ்டேஷன்ல போட்ட எஃப்.ஐ.ஆரை மாத்தச் சொன்னா மாத்துவியா?"

இசக்கிராஜா வண்டியைக் கிளப்பி மேலகரம் தாண்டினான். பிறகு, "மாத்த மாட்டேன்" என்றான், ரோட்டைப் பார்த்தபடியே. அன்றைக்கே முத்துச்செல்வி அந்தச் சந்திப்பையும் ஒரு சொல் விடாமல் எழுதி வியன்னாவுக்கு அனுப்பினாள்.

சொன்னபடியே அந்த நாடு அவளை மறுத்தது. அதன் நட்பு நாடு ஒன்றும் சேர்ந்து மறுத்தது. ஆனால் அறிக்கையில் அந்த வரி அப்படியே இருந்தது. முகமையின் கூட்டத்தில் தூதர்கள் அதை வைத்து மல்லுக்கட்டினார்கள். எரிபொருள் விற்க இருந்தவர்கள், முதலில் கதவைத் திறக்கட்டும் என்று கையெழுத்தைத் தள்ளிப்போட்டார்கள். ஐப்பசியில் வேறோர் ஆய்வாளருக்குக் கதவு திறந்தது. உள்ளே எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்ததாகப் பேப்பரில் செய்தி வந்தது. அதை வைத்து நாட்டை ஊகித்துவிட்ட இசக்கிராஜா உடனே போன் போட்டான்.

"ஒண்ணுமே இல்லையாம்லா! இதுக்கா இத்தனை வம்பு?"

"ஒண்ணும் இல்லன்னு இப்பந்தான தெரியுது. அன்னைக்கே திறந்திருக்கலாம்லா?"

"உன்னை இனி எவன் உள்ள விடுவான்?"

"விடாதவன் விடாண்டாம்" என்றாள் முத்துச்செல்வி. அடுத்த நாட்டுக்குப் போகும் விமானத்துக்கு அழைப்பு வந்திருந்தது. போனை வைத்துவிட்டு வரிசையில் போய் நின்றாள்.