புஸபாவின் உரலோசை

புஸபா முதன்முதலாகக் குழம்பு வைத்த அன்று எங்கள் சந்தில் பதினேழு வீடும் இருமியது. ஆற்றில் போன படகு திசை தெரியாமல் கரையேறிவிட்டது. சரி, படகு என் சேர்க்கை. பதினேழு வீடும் கொஞ்சம் அதிகம்தான். இருமியது நானும் என் பூனையும். ஆனால் நாங்கள் இருமியது சத்தியம்.

புஸபா எனக்குப் பக்கத்து வீடு. முப்பத்தொரு வருஷம் நிலப்பதிவு அலுவலகத்தில் முத்திரை குத்தியவள். அத்தனை வருஷமும் சாயங்காலம் சந்து முனையில் லமுனின் குழம்பு வண்டி முன்னால் நிற்பாள். இது, அது என்று விரல் நீட்டுவாள். மூன்று பை குழம்போடு வீடு திரும்புவாள். ரப்பர் பேண்டை அவிழ்த்துக் கிண்ணத்தில் ஊற்றுவதற்குத்தான் அவள் வீட்டில் சமையல் என்று பெயர். எங்கள் தோன்புரியில் பாதிப் பேர் அப்படித்தான், நான் உள்பட. ஆனால் ஊற்றி முடித்ததும் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "அப்பாடா, முதுகு ஒடியுது" என்று சொல்கிறவள் அவள் ஒருத்திதான்.

வினை தொலைபேசியில் வந்தது. மகன் கிட்டி ஒரு பெண்ணை விரும்பினான். அவளுடைய அம்மா பெயர் பிரயோங்; பெட்சபுரிக்காரி. அந்த ஊர்க்காரிகளுக்கு நாக்கில் கண் இருக்கும். மூன்று வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொன்னாளாம். புஸபா சும்மா இருந்திருக்கலாம். "வாங்க சம்பந்தி, என் கையால பச்சமிளகா அரைச்சுப் பச்சைக் குழம்பு வைக்கிறேன். கடைக் குழம்பு எங்க வாசப்படி ஏறாது" என்றுவிட்டாள்.

மறுநாளே கல் உரலும் உலக்கையும் வந்தன. அன்றே அரைத்து, வதக்கி, எங்களை இரும வைத்து, கணவன் விசியனைச் சாப்பிட உட்கார்த்தினாள். 'கடக்' என்று எனக்கே கேட்டது.

"என்னடி போட்ட இதுல?"

"சித்தரத்தை."

"சித்தரத்தை பல்ல உடைக்குமா?"

புது உரலில் பச்சரிசி போட்டு அரைத்து, மாவு கல்துகள் இல்லாமல் வெளுப்பாக வரும்வரை பழக்க வேண்டும். எழுத்து வாசனை இல்லாத கிழவிக்கும் தெரிந்த விஷயம். நில வரைபடம் படித்தவளுக்குத் தெரியவில்லை.

இரண்டாம் வாரம் தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எண்ணெய் பிரிய விடாமல், எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டி மூடிவிட்டு நாடகம் பார்க்கப் போனாள். திரும்பி வந்தபோது சட்டியில் இருந்ததைச் சுவருக்கு அடித்திருக்கலாம். மூன்றாம் முறை மிளகாய்க் கையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, அந்தப் பொண்ணு இல்லேன்னா வேற யாரையும் கட்ட மாட்டேங்கறான். என்னால கெட்டுப்போச்சுன்னா என் மூஞ்சிலயே முழிக்க மாட்டான்."

"பேசாம உண்மையச் சொல்லிடேன்."

"உண்மையா? அலுவலகத்துலயே சொன்னதில்ல, வீட்டுல எப்படி?"

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று காலை உரல் சத்தம் கேட்டதாக எனக்கு நினைவில்லை; என் காதுக்கும் வயதாகிறது. துணைக்கு இருக்கட்டும் என்று என்னையும் கூப்பிட்டிருந்தாள். மேசையில் பூப்போட்ட கிண்ணத்தில் லமுனின் குழம்பு. அடுப்புக்குக் கீழே மூடி போட்ட ஒரு சட்டி.

"காலையில நானே வெச்சேன்க்கா. உப்புக் கடலா இருக்கு" என்று கிசுகிசுத்தாள்.

எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் பெண் பார்க்கப் போகிறவர்கள் முதலில் காதைத்தான் தீட்டிக்கொண்டு போவார்கள். உரல் சத்தம் சீராக விழுந்தால் கைப்பக்குவம் உண்டு; தடுமாறினால் வந்த வழியே திரும்பலாம். அந்த நினைப்பில்தான் பிரயோங் வந்து உட்கார்ந்ததும், "இதோ, தொட்டுக்க மிளகாயக் கடைசியா ஒரு இடி இடிச்சுட்டு வந்துடறேன்" என்று புஸபா உள்ளே ஓடினாள். டொக் டொக் டொக். கடிகாரம் தோற்கும் தாளம்.

பிரயோங் தலையைச் சாய்த்தாள். "கல்லு கல்லோட பேசுது. நடுவுல மிளகாயக் காணோமே?"

எழுந்து உள்ளே போனாள், பின்னாலேயே நானும். உரல் காலி. புஸபாவின் கை உலக்கையோடு அந்தரத்தில் நின்றது. சுவர் ஆணியில் முப்பத்தொரு வருஷத்து ரப்பர் பேண்டுகள் தேங்காய் அளவுக்குத் திரண்டு தொங்கின.

"இத்தனை எதுக்கு சம்பந்தி? தலை பின்னறதுக்கா?"

புஸபா உலக்கையைக் கீழே வைத்தாள். "மேசையில இருக்கறது கடைக் குழம்பு. நான் வெச்சது அதோ, கீழ. வாயில வைக்க முடியாது."

பிரயோங் மேசைக் குழம்பில் ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்தாள். பிறகு சட்டியைத் திறந்து அதிலும் ஒரு கரண்டி. கண்ணை மூடியவள் திறக்கவே இல்லை. நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், வாசலில் இருந்த பூனை ஓடிவிட்டது.

"நீங்க போன்ல அரைச்சு வைக்கிறேன்னதும் எனக்குத் தூக்கமே போச்சு. என் பொண்ணுக்கு முட்டை அவிக்கத் தெரியாது. அப்படி ஒரு மாமியார்கிட்ட அவள எப்படி விடறதுன்னு, வேண்டாம்னு சொல்லத்தான் வந்தேன்."

"இப்ப?" என்றாள் புஸபா.

"இப்ப நல்ல நாள் பாருங்க."

கல்யாணம் முடிந்தது. அதற்குப் பிறகு புஸபா ஞாயிறுதோறும் சமைக்கிறாள். மற்ற ஆறு நாளும், பை வாங்க நிற்கிற பெண்களிடம், கையால் அரைக்காத குழம்பும் ஒரு குழம்பா என்று உபதேசம் செய்கிறாள், தன் பைக்குக் காத்துக்கொண்டே. இதையெல்லாம் லமுனின் வண்டிப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்துதான் எழுதினேன். 'அவளே அரைத்து வைத்த உப்புக் குழம்புதான் அந்தக் கல்யாணத்தை முடித்து வைத்தது' என்ற கடைசி வரியை உரக்கப் படித்தும் காட்டினேன்.

லமுன் நிமிராமல் ரப்பர் பேண்டைச் சுற்றினாள். "மாத்தி எழுதுங்கக்கா. அந்தக் குழம்புக்கான விழுது அன்னிக்கு விடியக்காலையில எங்கிட்ட வாங்கினது. உப்பு போட்டாச்சுன்னு சொன்னேன். கேக்காம மறுபடியும் அள்ளிப் போட்டிருக்கா. ரெண்டு குழம்புலயும் ஒரே விழுதுன்னு அந்த பெட்சபுரி அம்மாவுக்குத் தெரியாதா? போற வழியில இங்க நின்னு, 'நல்லா அரைச்சிருக்க, என் பொண்ணுக்கு விழுது கால் கிலோ கட்டு'ன்னு வாங்கிட்டுத்தான் போனாங்க."