பூக்கொலைகாரி

எங்கள் தெருவில் பூக்கொலைகாரி என்றால்தான் அவளைத் தெரியும். அந்தப் பட்டத்தைச் சூட்டியது வேறு யாருமல்ல, ஒரே வீட்டின் மறுபாதியில் குடியிருக்கும் அவளுடைய ஓரகத்திதான். எந்த நிலைமையில் அவள் அரிவாளைக் கையில் எடுத்தாள் என்று தெரிந்தால் உங்களுக்கும் அப்படிக் கூப்பிட வாய் வராது.

வீட்டுக்குப் பின்னால் கணவனுக்கும் கொழுந்தனுக்கும் பொதுவாக ஒரு துண்டு நிலம். அதில் அவள் வளர்த்தது ஒரு காலத்தில் ரோட்டோரமெல்லாம் தானாகப் பூத்துக் கிடந்த மஞ்சள் காட்டுப்பூ. ரோட்டை அகலப்படுத்தியபோது அது அடியோடு அழிந்தது. தோண்டிக் கைவிட்ட சுரங்க மேடுகளில் மறுபடியும் விதைப்பதற்காக ஒரு நிறுவனம் அதன் விதையைத் தேடிக்கொண்டிருந்தது. கணவனோ லாரியோடு ஊர் சுற்றுகிறவன். எங்கோ ஒரு பாறையிடுக்கில் மிஞ்சியிருந்த நாலு செடியிலிருந்து விதை எடுத்து, அவள் ஒருத்தியே நிலம் முழுக்க வளர்த்து ஆளாக்கினாள்.

கூன்வண்டு வந்தது. மிளகைவிடச் சின்னது, மூக்கு மட்டும் நீளம். பூ விரியும் நேரம் பார்த்து வந்து உள்ளே முட்டையிட்டுவிட்டுப் போகும். புழு பூவுக்குள்ளேயே இருந்து விதையைத் தின்னும். வெளியே பார்த்தால் பூ சிரித்துக்கொண்டிருக்கும். அறுத்துக் கசக்கினால் பொடிதான் உதிரும். சென்ற ஆண்டு அனுப்பிய மூட்டைகளை, எல்லாம் ஓட்டை விதை என்று நிறுவனம் அப்படியே திருப்பி அனுப்பிவிட்டது.

கொழுந்தன் தன்மையாகத்தான் சொன்னான்.

"இந்த வருஷமும் ஓட்டைன்னா உழுதுட்டு மக்காச்சோளம் போட்டுடறேன் அண்ணி. அண்ணன்கிட்டயும் போன்ல சொல்லிட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"சிக்னல் இல்லைன்னு வெச்சுட்டார்."

"பதில் சொல்ற இடம் வந்தா உங்க அண்ணனுக்குச் சிக்னல் போயிடும்."

"மருந்தை அடிச்சுத் தொலைக்க வேண்டியதுதானேக்கா?" என்றாள் ஓரகத்தி.

"பூ விரியறப்போதான் வண்டும் வருது, தேனீயும் வருது. தேனீயைக் கொன்னுட்டு விதைக்கு நான் எங்கே போவேன்? அதுக்கப்புறம் அடிச்சா, புழு உள்ளே பத்திரமா உக்காந்திருக்கு. மருந்து எட்டாது."

திரும்பி வந்த மூட்டைகளை வாசலில் கொட்டி, மறு விதைப்புக்காவது ஏதேனும் தேறுமா என்று அவள் கிளறினாள். ஒரே ஒரு சின்னப் பையில் மட்டும் விதைகள் முழுசாக இருந்தன. வேலியோரச் செடிகளின் விதை அது. அந்தச் செடிகளை மொட்டுப் பருவத்தில் பக்கத்து வீட்டு ஆடு மொட்டையாக மேய்ந்துவிட்டிருந்தது. அதற்காக அவள் போட்ட சண்டையில் தெருவே கூடியது. மேய்ந்த செடிகள் மறுபடி துளிர்த்து, மற்றவை ஓய்ந்த பிறகுதான் பூத்தன. அதற்குள் வண்டின் காலம் முடிந்துவிட்டது.

இந்த ஆண்டு மொட்டு பிடித்து, முதல் வண்டு கண்ணில் பட்ட அன்று அவள் அரிவாளோடு நிலத்தில் இறங்கினாள்.

கொழுந்தன் ஓடி வந்தான். "அண்ணி, ஒரு வரிசை வெட்டிப் பாருங்க. மிச்சத்தை விட்டுடுங்க."

"ஒரு வரிசையில பூ இருந்தாலும் வண்டு அங்கே தங்கிடும். பட்டினி போடறதுன்னா முழுசா போடணும் தம்பி."

"மறுபடி துளிர்க்கலைன்னா?"

"நீங்க உழறப்போ நான் குறுக்கே வர மாட்டேன்."

பெற்ற பிள்ளையின் தலைமுடியை வெட்டி எறிவதுபோல் இருந்தது. ஆனாலும் கை நிற்கவில்லை. ஏற்கெனவே முட்டை விழுந்திருக்கலாம் என்று, வெட்டிய மொட்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி, சோப்புத் தண்ணீர் நிரம்பிய டிரம்மில் அமுக்கினாள். ஓரகத்தி மாடியிலிருந்து பார்த்துத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்: "பூக்கொலைகாரி."

வண்டுகள் மொட்டைத் தண்டுகளில் ஏறி இறங்கின. பிறகு ஒன்றையும் காணோம். ஆனால் துளிரையும் காணோம். மழை ஏமாற்றியது. தினமும் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தாள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள். முகம் கழுவிக்கொண்டு மறுபடி குடத்தைத் தூக்கினாள்.

ஒரு காலையில், வெட்டிய இடத்துக்குக் கீழே இரண்டிரண்டாகப் பக்கக் கிளை எட்டிப் பார்த்தது. செடிகள் குட்டையாகவே நின்று, பருவம் தவறிப் பூத்தன. தேனீக்கள் வந்தன. அவள் பூ பூவாக விரித்துப் பார்த்தாள். மூக்கு நீண்ட அந்தப் பாவி எங்கும் இல்லை.

அறுவடையன்று விதையைத் தொடும் துணிவு அவளுக்கு வரவில்லை. கொழுந்தன்தான் ஒரு பிடி அள்ளி, நகத்தால் ஒவ்வொன்றாகப் பிளந்தான். முதல் விதைக்குள் வெள்ளைப் பருப்பு. அடுத்ததிலும் பருப்பு. மூன்றாவது ஓட்டை. அவன் பிளந்துகொண்டே போனான். பிடி முழுக்கத் தீர்ந்தபோது, ஓட்டை என்று ஒதுக்கியவை கட்டைவிரல் நகத்தில் அடங்கின.

"வழக்கத்துல பாதிதான் இருக்கும் போல" என்றான்.

"பாதிதான். ஆனா அத்தனையும் முளைக்கும்."

அவன் மூலையில் கிடந்த சாக்கை எடுத்து உதறினான். "மக்காச்சோள விதைக்குச் சொல்லி வெச்சிருந்தேன். வேண்டாம்னுடறேன். சாக்கைப் பிடிங்க அண்ணி."

அவள் சாக்கின் வாயை விரித்துப் பிடித்தாள். சாக்கு நழுவியதில் ஒரு பிடி விதை தரையில் சிந்தியது. மாடியிலிருந்து ஓரகத்தி இறங்கி வந்து, உட்கார்ந்து பொறுக்கத் தொடங்கினாள்.