ஜப்பான் மேளத்துக்கு வந்த அருள்

நான் அம்மன் கோவிலில் பம்பை அடிப்பவன். ஐந்தாவதோடு படிப்பு நின்றது. பெரிய கூச்சக்காரன். கோவிலில் அம்மனைப் பார்த்து நின்று அடிப்பதால் கூட்டத்துக்கு என் முதுகுதான் தெரியும். அதனால் பிழைத்தேன்.

பள்ளிக்கூடங்களில் சத்துணவு வந்த புதிது. பாண்டிச்சேரியில் தங்கியிருந்த ஒரு ஜப்பான் அம்மா, திண்டிவனத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் மேளம் அடித்துக் கதை சொல்ல வந்தார். அங்கிருந்த டீச்சர் என்னையும் கூப்பிட்டார்.

"நம்ம மேளத்தையும் புள்ளைங்களுக்குக் காட்டுங்கண்ணே."

"ஐயோ, புள்ளைங்க மூஞ்சப் பாத்து என்னால அடிக்க முடியாதும்மா."

ஆனாலும் அந்த மேளத்தைப் பார்க்கும் ஆசை. பம்பையைச் சாக்கில் போட்டு எடுத்துப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டேன்.

அடேயப்பா! தண்ணீர்ப் பீப்பாய் போல ஒரு மேளம். பக்கத்தில் ஒரு மரச் சட்டம். அதிலிருந்து ஒவ்வொரு படமாக உருவியபடி அந்த அம்மா ஜப்பான் பேச்சில் கதை சொல்ல, டீச்சர் தமிழில் சொன்னார். இடிச்சாமியின் குழந்தை மேளத்தைத் தொலைத்துவிட்டது. ஊரில் மழையே இல்லை. அந்த ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து புது மேளம் கட்டினார்கள். அந்த அம்மா காலை அகட்டி நின்று, தடித்த இரண்டு குச்சிகளால் இடி இடித்துக் காட்டினார். என் நெஞ்செலும்பு அதிர்ந்தது. பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள்.

அப்போதுதான் சமையலறையிலிருந்து சத்துணவு ஆயா கரண்டியோடு ஆடிக்கொண்டே வந்தார். அருள் வந்துவிட்டது!

"நிறுத்துங்க! இதெல்லாம் வேணாம்னு அப்பவே சொன்னேனே டீச்சர்! எல்லாம் கிளாசுக்குப் போங்க!" என்று ஹெட்மாஸ்டர் கத்தினார்.

"சார், மழ வந்திச்சா இல்லியா?" என்று ஒரு பொண்ணு அழுதது. கடைசிப் படம் சட்டத்திலேயே இருந்தது. ஜப்பான் அம்மா குச்சியைத் தூக்கியபடி அப்படியே நின்றார்.

அருள் வந்தவரை அந்தரத்தில் விட்டு மேளத்தை நிறுத்தக் கூடாது. அடியைத் தணித்துத் தணித்துத்தான் சாமியை மலையேற்ற வேண்டும். எப்போது சாக்கை உதறினேன் என்று தெரியவில்லை, பம்பை என் இடுப்பில் இருந்தது. நான் அடித்தேன். அந்த அம்மா என் கையையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கூடவே அடித்தார். அடி தணியத் தணிய ஆயாவின் ஆட்டமும் தணிந்தது. உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

"இன்னா புள்ளைங்களா, கத முடிஞ்சிச்சா?" என்று கேட்டார் ஆயா.

ஒரே சிரிப்பு. ஹெட்மாஸ்டருக்கும் அடக்க முடியவில்லை. "ஜல்தி முடிங்கம்மா" என்றார்.

கடைசிப் படம் வந்தது: மழை! ஜப்பான் அம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். விரலால் தூறலில் தொடங்கினேன். அவர் இடித்தார். நான் கொட்டித் தீர்த்தேன்.

நிமிர்ந்தால் எதிரே அத்தனை முகங்கள். இவ்வளவு நேரமும் அவர்களைப் பார்த்தா அடித்தேன்?

"மாமா, இன்னொரு மழ!" என்றது அழுத பொண்ணு.

திரும்பிக்கொள்ளத் தோன்றவில்லை. அடித்தேன்.