நொய்யல் கரையில் ஒரு மழை ஜெபம்

ஈரோட்டைத் தாண்டியதும் தூக்கம் கலைந்துவிட்டது. சன்னலுக்கு வெளியே வாடிய சோளக்காடுகள். அறுபதுகளின் நடுவில் ஓர் ஐப்பசி. அக்காவைப் பார்க்கத் திருநெல்வேலியிலிருந்து ரயில் மாறி ரயில் ஏறி, திருப்பூரில் இறங்கியபோது சனிக்கிழமை காலை ஏழு மணி.

ஜட்கா வண்டிக்காரர் நொய்யல் கரைக்கு அரை ரூபாய் கேட்டார். கொள்ளை என்றேன்.

"ஐப்பசி பொறந்தும் ஒரு பொட்டு மழை இல்லீங்க. குதிரைக்குப் புல்லு என்ன வெலைங்க?" என்றார். வாயை மூடிக்கொண்டு ஏறினேன்.

அத்தான் ஆற்றங்கரையில் சின்னதாக ஒரு சலவைப் பட்டறை வைத்திருந்தார். பனியன் கம்பெனிகள் தரும் துணியை வெளுத்து, அலசி, காயவைத்துக் கொடுக்க வேண்டும். கரை முழுக்க வெள்ளைத் துணி விரிந்து கிடந்தது. செவ்வாய் மாலைக்குள் ஒப்படைக்காவிட்டால் கம்பெனி வேறு பட்டறைக்குப் போய்விடும். அக்கா ஒரு கண்ணை வானத்தில் வைத்துக்கொண்டே தோசை சுட்டாள்.

"இன்னும் ரெண்டு நாள் வெயில் அடிச்சாப் போதும்ல" என்றாள்.

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு அக்கா வீட்டு முற்றத்தில் ஜெபக்கூட்டம். துணிக்கு ஏது ஓய்வுநாள்? அது பாட்டுக்குக் கரையில் காய்ந்துகொண்டிருந்தது. அந்தச் சபையில் ஒரு வழக்கம்: யார் வீட்டில் கூடுகிறார்களோ அந்த வீட்டுக்காரரே எல்லோருடைய விண்ணப்பத்துக்காகவும் ஜெபிக்க வேண்டும். இரண்டு மைல் தள்ளித் தோட்டம் வைத்திருந்த பொன்னம்மாள் எழுந்தார்.

"சோளம் குருத்தோட கருகுதுங்க. கெணத்துலயும் தண்ணி இல்லீங்க. மழைக்கு ஜெபிக்கோணுங்க."

சொன்ன பிறகுதான் கரையிலிருந்த துணியைப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அக்கா அத்தானைப் பார்த்த பார்வை எதிரிக்கும் வரக்கூடாது.

அத்தான் முழங்காலிட்டார். "ஆண்டவரே, இம்மட்டும் எங்களுக்கு வெயில் தந்தீர், ஸ்தோத்திரம். இந்தச் சகோதரியின் காட்டுக்கு மழை தாரும். எங்களையும் கைவிடமாட்டீர், அதற்கும் இப்பொழுதே ஸ்தோத்திரம்."

ஆமென் என்றோம். பொழுது சாய்வதற்குள் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. முதல் தூறலிலேயே கூட்டம் மொத்தமும் வேட்டியையும் சேலையையும் தூக்கிச் செருகிக்கொண்டு கரைக்கு ஓடியது. அள்ளி முடிப்பதற்குள் முக்கால்வாசித் துணி தொப்பலாக நனைந்துவிட்டது. பொன்னம்மாள் அழுதுகொண்டே ஒரு சுமையைத் தோளில் தூக்கினார்.

"எங்க தோட்டத்துச் சாளை காலியாத்தானுங்க கெடக்குது. வெளைஞ்சாத்தானுங்களே நெறையும்? அங்க கொண்டாந்து கட்டுங்க."

மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டுபோய், தானியம் சேர்த்துவைக்கும் அந்த ஓட்டுக் கட்டிடத்துக்குள் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். மேலே ஓட்டில் மழை கொட்டுகிறது. கீழே ஈரத்துணிகளுக்கு நடுவில் நின்று பொன்னம்மாள் எல்லோருக்கும் சுக்குக் காப்பி ஊற்றுகிறார். எத்தனையோ பெரிய தேவாலயங்களுக்குப் போய்விட்டேன். அந்தச் சாளையை நினைத்தால் இன்றும் ஏக்கமாக இருக்கிறது.

திங்கள் காலையும் மழை விடவில்லை. அத்தான் துணியைப் புரட்டிப்போடச் சாளைக்குப் போய்விட்டார். அக்கா மட்டும் அங்கே எட்டிப் பார்த்துவிட்டு, என்னை வழியனுப்ப ஸ்டேஷனுக்கு வந்தாள்.

"நாளைக்குள்ள காஞ்சிருமாக்கா?"

"தெரியலைல. தொட்டாச் சில்லுன்னுதான் இருக்கு."

ரயில் வந்தது. ஏறி உட்கார்ந்ததும் அக்கா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நேத்து ஒங்க அத்தான் ஜெபம் பண்ணுனாவல்லா, அதுக்கு நான் ஆமென் சொல்லலைல."

வண்டி நகர்ந்தது. அவளும் கூடவே நாலு எட்டு நடந்தாள்.

"இன்னைக்குக் காலையில அந்த ஈரத்துணியத் தொட்டுக்கிட்டே சொல்லிட்டேம்ல."