‘அப்பர் ஹேண்ட்’ யாரிடம் இருந்தது?

கல்லூரியில் ஆங்கிலத்தில் விசேட சித்தி பெற்ற பின்னரே, நோர்வூட்டுக்கு அருகிலிருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கராகச் சேர்ந்தேன். ஆகவே, ஐம்பதுகளில் அங்கு நடந்த வேலைநிறுத்தம் என் ஆங்கிலத்தால்தான் நீண்டது என்று சிலர் இன்றும் சொல்லித் திரிவதை மறுக்கக் கடமைப்பட்டுள்ளேன்.

காரணம், தோட்டத்தை நிர்வகித்த துரையின் நாய். காலைப் பெரட்டில் வேலைக்குப் பெயர் கொடுக்க நிற்கும் பெண்களின் கணுக்காலைக் கவ்வுவது அதன் வழக்கம். அதைக் கட்டிப்போடும்வரை கொழுந்து பறிப்பதில்லை என்று பெண்கள் இரண்டு நாள் தங்கள் லயத்து வீடுகளிலேயே இருந்துவிட்டனர். தொழிற்சாலை இயங்கவில்லை. கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு நிலைமையை அறிவிக்க, துரையின் கையொப்பத்துக்காக நான் தயாரித்த கடிதத்தில், ‘அப்பர் ஹேண்ட்’, அதாவது ஓங்கிய கை, தொழிலாளரிடமே இருக்கிறது என்று எழுதினேன். எவருடைய சம்மதமின்றி எதிர்த்தரப்பு அசைய முடியாதோ, அவருக்கே அச்சொற்றொடர் உரியது. பிரயோகத்தில் பிழையில்லை.

துரை கடிதத்தை என் மேசைமீது எறிந்தார். ‘அப்பர் ஹேண்ட்’ தம்மிடமே இருக்கிறதென்றார். உடனே திருத்தித் தருவதாகச் சொன்னேன். பொய்க் கடிதத்தில் கையொப்பமிடுவது தமக்கு வழக்கமில்லையாம். முதலில் தொழிலாளருக்கு அறிவித்து அதை மெய்யாக்கிவிட்டு வர வேண்டும், இயலாவிட்டால் வேறு தோட்டம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்.

மறுநாள் காலை கோட்டணிந்து பெரட்டுக் களத்துக்குச் சென்றேன். பெண்கள் கூடைகளுடன் நின்றிருந்தனர். மனம் தளர்ந்து, கடிபட்டாலும் சரியென்று அவர்கள் வேலைக்குத் திரும்பியிருந்ததை நான் அறியேன்.

“இன்று முதல் உங்கள் கை ஓங்கியிருக்கவில்லை. துரையவர்களின் கையே ஓங்கியிருக்கிறது,” என்று அறிவித்தேன்.

முன்னால் நின்ற கொழுந்துக்காரி ஒருத்தி கேட்டாள்: “அப்ப நேத்து வரைக்கும் யாரு கைங்க ஐயா ஓங்கியிருந்துச்சு?”

கற்றவன் பொய்யுரைக்கலாகாது. “உங்கள் கைதான்.”

“எங்க கையா? அடியே, கேட்டீங்களாடி! நாமதான் ஜெயிச்சுக்கிட்டு இருந்திருக்கோம். ஒரு மனுசன் வாயத் தொறந்து சொல்லலியே!”

“கொழும்புக்கான கடிதத்தில் தெளிவாக எழுதியிருந்தேன்.”

“கொழும்புக்குச் சொன்னீங்க. இந்தா நிக்கிற எங்களுக்குச் சொன்னீங்களா சாமி? எறக்குங்கடி கூடைய!”

கூடைகள் இறங்கின. பெண்கள் சிரித்தபடியே லயத்துக்குத் திரும்பினர்.

மேலும் இரண்டு நாள் கழித்து நாய் பங்களாவில் சங்கிலியால் கட்டப்பட்டது. அன்று மாலை துரை தாம் எறிந்த என் கடிதத்தையே கேட்டு வாங்கி, கால்புள்ளி ஒன்றைக்கூட மாற்றாமல் கையொப்பமிட்டார்.